வீரரைக் கொடுத்து வாங்கிய சாடிகள்

ஸாக்ஸனியின் அதிபதியாகவும் போலந்தின் அரசராகவும் விளங்கிய அகஸ்டஸ், 1717ஆம் ஆண்டில் தம் சேனையிலிருந்து 600 குதிரைவீரர்களைப் பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடெரிக் வில்லியத்துக்குக் கொடுத்து, ஈடாக அவருடைய ஒரானியன்பர்க், ஷார்லட்டன்பர்க் அரண்மனைகளிலிருந்த 151 சீனப் பீங்கான் பாத்திரங்களைப் பெற்றுக்கொண்டார். படைவீரனும் பாத்திரமும் ஒரே தராசில் ஏறிய இந்தப் பண்டமாற்று மனத்தை உறுத்துகிறது. ஆயினும், அந்நாளைய ஐரோப்பியப் பிரபுக்கள் மாளிகைகளில் பீங்கானுக்கென்றே அறைகள் ஒதுக்கி, கிண்ணங்களையும் தட்டுகளையும் சுவர்முழுதும் அடுக்கி, அவை பன்மடங்காய்த் தெரியும்படி நிலைக்கண்ணாடிகளும் பதித்து மகிழ்ந்த மோகத்துக்குக் காரணம் வெறும் டம்பம் அன்று.

சீனாவின் ஜிங்டெஜன் நகரத்துக் குயவர்கள் இருவகைப் பொருள்களைக் கலந்தார்கள். ஒன்று, கடும் நெருப்பிலும் உருவம் குலையாத வெண்களிமண். மற்றொன்று, அதே நெருப்பில் உருகிக் கண்ணாடிபோலாகி, களிமண்ணின் நுண்துளைகளையெல்லாம் அடைத்துவிடும் பொடித்த கல். சூளையின் உஷ்ணம் 1,300 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது இரண்டும் ஒன்றிப்போய், நீர் ஊறாததும், மெல்லியதாயின் ஒளி ஊடுருவுவதும், சுண்டினால் மணிபோல் ஒலிப்பதுமான ஓர் அபூர்வ வஸ்து பிறக்கிறது. கோபால்ட் மையால் பச்சை மண்ணின்மேலேயே சித்திரம் எழுதி, அதன்மேல் மெருகு பூசிச் சுடுவதால், அந்த நீலம் எத்தனை தலைமுறை துடைத்தாலும் அழிவதில்லை.

இந்த ரகசியத்தை அறியும் பொருட்டு, பொன் செய்வதாகச் சொல்லிக்கொண்ட போட்கர் என்ற இளைஞரை அகஸ்டஸ் காவலில் வைத்து, அறிஞர் சிர்ன்ஹவுஸின் மேற்பார்வையில் சோதனைகள் நடத்துவித்தார். 1710இல் மைஸன் நகரில் ஆலையும் தோன்றிவிட்டது. சொந்த ஆலை ஏழு வருஷமாக நடந்துகொண்டிருந்தும் அவர் வீரர்களைக் கொடுத்துச் சாடி வாங்கினார் என்பதே என்னை மிகவும் சிந்திக்கவைக்கும் விஷயம். களிமண்ணின் சேர்மானம் கைக்கு எட்டியிருந்ததேயன்றி, மெருகுக்கு அடியில் நீலம் தீட்டும் வித்தை மைஸனில் அப்போது இன்னும் வசப்படவில்லை.

அந்தச் சாடிகளில் பெரியவை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். அத்தனை உயரத்தை ஒரே மண்ணுருண்டையிலிருந்து சக்கரத்தில் எழுப்ப இயலாது. பகுதி பகுதியாக வனைந்து, குழைத்த களிமண்ணால் ஒட்டுவார்கள். வெளிப்புறம் வழவழவென்றிருக்கும் சாடியின் உட்புறத்தில் விரலை ஓட்டினால், பெயரறியாத அந்தக் குயவன் அழுத்தி இணைத்த மூட்டு, மெல்லிய வரம்புபோல் தட்டுப்படும்.

இன்று டிரெஸ்டன் நகரின் ஸ்விங்கர் மாளிகையில் அவற்றைக் காணலாம். மாற்றிக் கொடுக்கப்பட்ட அவ்வீரர்கள் டிரகூன்கள் எனப்பட்டதால், டிரகூன் சாடிகள் என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்துவிட்டது.