வேலிக்கு அந்தப்பக்கம் டைகர்... இந்தப்பக்கம் மணி!

எங்கள் வீடு மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. என் கணவருக்கு உப்பளத்தில்தான் வேலை. ஒருநாள் அளத்து ஓரம் கத்திக் கொண்டிருந்த நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து விட்டார். ஆறாவது படிக்கும் என் மகள் அதற்கு, 'மணி' என்று பெயர் வைத்தாள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும், எனக்கும் பத்து வருடப் பழக்கம். குழம்புக் கிண்ணம் வேலிக்கு மேலேயே போய் வரும். ஆனால், அவர்கள் வீட்டு டைகருக்கு மட்டும் மணியைக் கண்டாலே ஆகாது. குட்டி வேலி இடுக்கில் தலையை நீட்டினால் போதும், உறுமும்.

ஒருநாள் சாயங்காலம் சங்கிலியை அறுத்துக் கொண்டு வந்து, மணியின் கழுத்தைக் கவ்வி உதறியது டைகர். பிரிக்கப் போய் என் மகள் கையைக் கொடுக்க, அவளுக்கும் பல் பட்டு ரத்தம் வந்து விட்டது.

'உப்பும், மஞ்சளும் குழைச்சு வைம்மா' என்றார் மாமியார். உப்பு ஊராச்சே... எங்களுக்கு எதற்கும் உப்புதான் மருந்து! நல்லவேளை, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததாக என் மகளே குழாயடிக்கு ஓடினாள். சோப்பு போட்டு, 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

'உப்பு, மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் கடிவாயில் வைக்கக் கூடாது. ரேபிஸ் வந்து விட்டால் பிழைக்க வைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். வராமல் தடுக்கத்தான் ஊசி' என்றார் டாக்டர். ரத்தம் வந்த கடி என்பதால், காயத்தைச் சுற்றியும் மருந்து ஏற்றினர். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டதெல்லாம் அந்தக் காலம். இப்போது கையில்தான். முதல் நாள், அப்புறம் 3, 7, 28ம் நாள் வரச் சொன்னார். டைகரையும் 10 நாள் கவனிக்கச் சொன்னார்.

அன்று ராத்திரியே அக்காவிடம் போய்க் கத்தினேன். 'நாய்னா கடிக்கத்தான் செய்யும். உன் குட்டியை நீ கட்டி வையேன்' என்றார் அவர். நானும் சொல்லக் கூடாததைச் சொல்லி விட்டு வந்தேன். சொந்தக்காரர் ஒருவர், 'பிஸ்கட்டுல மருந்து வெச்சுடு, வேலை முடிஞ்சுது' என்றார். உண்மையைச் சொல்கிறேன் தோழிகளே, அன்று முழுக்க அது என் மனதில் ஓடியது.

மறுநாள் மணிக்குத் தையல் போட்ட கால்நடை டாக்டரிடம், என் ஆத்திரத்தைக் கொட்டினேன். 'விஷம் வைத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 325ம் பிரிவில், ஐந்து வருடம் வரை ஜெயில். நாயைக் கவனக்குறைவாக வைத்திருப்பதும், 291ம் பிரிவில் குற்றம்தான். ரொம்பக் குட்டையான சங்கிலியில் நாயை மணிக்கணக்கில் கட்டிப் போடுவதும், 1960ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கட்டியே கிடக்கிற நாய்க்கு விலகிப் போக வழியில்லை. அதனால்தான் பாய்கிறது' என்றார்.

புகார் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கடைசியில், மகளின் ஊசிச் சீட்டை எடுத்துக் கொண்டு அக்கா வீட்டுக்கே போனேன். 'அக்கா, டைகருக்கு ஊசி போட்டிருக்கா?' என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் வெளுத்து விட்டது. 'இல்லம்மா...' என்று என் மகளின் கையைப் பிடித்துக் கொண்டு அழுதார்.

அந்த 10 நாளும், உப்பு வாரக் கிளம்பும் முன், வேலி ஓரம் வந்து, 'டைகர் சாப்பிட்டான்மா, தண்ணி குடிச்சான்மா' என்று சொல்லி விட்டுத்தான் போவார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அடுப்பு வேலையே ஓடும். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும், மகளுக்கு ஊசியை நிறுத்தவில்லை.

பிறகு, டைகருக்கும் தடுப்பூசி போட்டோம். சங்கிலியை நீளமாக்கி, தினமும் கொஞ்சம் நடக்க வைக்கிறார் அக்கா. வேலி இடுக்கைக் கீற்று வைத்து அடைத்தோம். சாயங்காலம் இருவரும் அவரவர் நாயைக் கயிற்றில் பிடித்து, உப்பளப் பாதையில் தள்ளித் தள்ளி நடக்கிறோம். இரண்டும் சிநேகமாகி விடவில்லை; பார்த்தால் உறுமுவது மட்டும் நின்றிருக்கிறது.

குட்டி ரொம்ப ஒட்டினால் பெரிய நாய் உறுமி விரட்டுவது சகஜம். கவ்விக் கொண்டு விடாமல் உதறினால்தான் ஆபத்து. அப்போது கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், முறத்தையோ, பலகையையோ நடுவில் நுழையுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டில் போய்ப் பேசுங்கள். சண்டைக்குப் போகும் முன், ஊசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது குழம்புக் கிண்ணம் மறுபடி போய் வருகிறது... வேலிக்கு மேலே!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மரக்காணம்.