தம்பி கேட்ட கேள்வி: மீன் எப்ப?

ஒருவர் பாவித்த 200 லீற்றர் உப்புநீர் மீன்தொட்டி மலிவாகக் கிடைத்தது. ஸ்காபரோவில் நாங்கள் இருப்பது ஆறாம் மாடி. தண்ணீர் மட்டுமே 200 கிலோவுக்கு மேல். கசிந்தால் கீழ்வீட்டு அன்ரிக்கு யார் பதில் சொல்வது? விற்றவரின் கராஜிலேயே நிரப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்துத்தான் எடுத்து வந்தோம்.

பிழை விட்டது வேறிடத்தில். தொட்டியோடு வந்த கற்கள் அழுக்காகத் தெரிந்தன. குழாய்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அந்த "அழுக்கில்"தான் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் இருந்தன. உப்பில்லாத, குளோரமின் கலந்த ரொறன்ரோ தண்ணீர் அவற்றை அழித்துவிட்டது. பழைய தொட்டியின் உப்புநீரிலேயே மெதுவாக அலசி, ஈரமாகவே கொண்டுவந்திருக்க வேண்டும்.

"அண்ணா, மீன் எப்ப விடுறது?" என்று தம்பி நச்சரிக்க, முதல் கிழமையே ஒரு கோமாளி மீன் வாங்கினோம். மூன்றாம் நாள் செத்துப்போனது. அவன் இரவு சாப்பிடவில்லை.

திரும்பவும் தொடங்கினோம். வடிகட்டிய ஆர்.ஓ. நீர், உப்படர்த்தி 1.025, மீன் இல்லை. பற்றீரியா பெருக நாலு முதல் ஆறு கிழமை, சிலவேளை அதற்கும் மேல் ஆகும். இப்போது நீரைச் சோதிப்பது தம்பிதான். நேற்று அம்மோனியா 0. நைட்ரைட் இன்னும் 0.25. கலண்டரில் மீன் வாங்கும் நாளை அவனே ஒரு கிழமை தள்ளிப் போட்டிருக்கிறான்.