கம்பளி இருந்தும் குளிரில் நடுங்கியவர்

தேவனூர் நாட்டு மார்கழிக் குளிரை அறிந்த நாங்கள், இங்கிலாந்துக் குளிரைக் கணிதமேதை இராமானுஜன் வரலாற்றில்தான் அறிந்தோம். எங்கள் மலைக்குக் கீழே, நாமக்கல்லில் கோயில் கொண்டுள்ள நாமகிரித் தாயார் அவருடைய குலதெய்வம். கடல் கடப்பது ஆசாரக் குறைவு என்று கருதிய காலம் அது. தாயாரின் சம்மதம் கிடைத்தபின், 1914 மார்ச் 17-இல் சென்னையில் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது.

கேம்பிரிட்ஜில் அவர் இரவெல்லாம் ஓவர்கோட்டும் சால்வையுமாக நடுங்குவதை நண்பர் மகலனோபிஸ் அறிந்தார். கட்டிலிலோ கம்பளிகள் இருந்தன! மெத்தையோடு இறுக்கி விரித்திருந்த அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. இதைப் படித்து வகுப்பே சிரித்தது. விடுதிக்கு வந்த முதல் நாள் விழித்துக்கொண்டு நின்ற எங்களில் சிலர் மட்டும் சிரிக்கவில்லை.

சைவ உணவைத் தாமே சமைத்தார். போர்க்காலத்தில் காய்கறியும் அரிதாயிற்று. 1916-இல் பட்டம், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி. 1919-இல் நோயுடன் திரும்பி, 1920-இல் 32 வயதில் மறைந்தார்.

இன்று பழங்குடி மாணவர் வெளிநாட்டில் முதுகலையும் ஆராய்ச்சியும் பயில, ஆண்டுக்கு 20 பேருக்கு மத்திய அரசு உதவித்தொகை தருகிறது. அதற்கு முதலில் இங்கே பட்டம் பெற வேண்டும். எங்களுக்கு முன் நிற்பதோ பத்தாம் வகுப்புத் தேர்வு! ஆயினும் எங்களில் ஒருத்தி கம்பளிக்குள் நுழையும் முறையை இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள்.