எதிர்வாக்கும் நன்கொடையும்

கல்கத்தா பவானிபூரில் சித்தரஞ்சன் சேவாசதனம் என்னும் மருத்துவமனை உண்டு. அது தேசபந்து தாஸ் வாழ்ந்த மனை.

1922-இல் கயா காங்கிரசுக்குத் தாஸே தலைவர். ஆயினும், சட்டசபைப் பிரவேசம் வேண்டும் என்ற அவர் கொள்கை அங்கே தோற்றது. வென்ற அணியை நடத்தியவர் நம் ராஜாஜி. தாஸ் சோர்ந்துவிடவில்லை, 1923-இல் சுயராஜ்யக் கட்சியைக் கண்டார்.

1924 ஜூனில் ஆமதாபாத்தில், சிறை மீண்ட காந்தியடிகளின் வன்முறைக் கண்டனத் தீர்மானத்தைத் தாஸ் எதிர்த்தார். அது 78-க்கு 70 என்ற வாக்கில் நிறைவேறியது. எட்டு வாக்கு வெற்றியை அடிகள் தம் தோல்வி என்றே கொண்டார். நவம்பரிலேயே, சட்டசபைப் பணியைச் சுயராஜ்யக் கட்சியாரிடம் ஒப்புவிக்க உடன்பட்டார்.

1925 ஜூன் 16-இல் தாஸ் மறைந்தார். அடிகள் வங்காளத்திலேயே தங்கி, அவர் நினைவு நிதிக்காக மக்களிடம் கையேந்தினார். பத்து லட்ச ரூபாய் நோக்கம். மறு ஆண்டு அம்மனை மகளிர்க்கான மருத்துவமனையாயிற்று.