கதிரும் நிலவும் கூடும் தவக்காலம்

காலத்தை அளக்க வானம் மாந்தர்க்கு அளித்த கோல்கள் இரண்டு: கதிரவனும் திங்களும். கதிரவன் ஆண்டு ஏறத்தாழ 365¼ நாள். பன்னிரு திங்கட்சுற்று 354 நாள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள 11 நாள் வேறுபாடே விழாக்களை நகர்த்துகிறது. எடுத்துக்காட்டாக, திருப்புட்குழி விசயராகவப் பெருமாள் கோயில் விழாக்கள் மாதமும் நாண்மீனும் பிறைநாளும் நோக்கிக் குறிக்கப்படுவதால், ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் இடம் மாறுகின்றன. கத்தோலிக்கரின் தவக்காலமும் அவ்வாறே நிலவின்வழி நகர்வது.

பகலும் இரவும் ஒத்த நாளாக மார்ச் 21ஐக் கொண்டு, அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்நாளிலும் அமையலாம். அதற்கு 46 நாள் முன்னர் வந்து தவக்காலத்தைத் தொடங்கிவைப்பது திருநீற்றுப் புதன். இடைப்பட்ட ஆறு ஞாயிறுகள் நீங்க, நோன்பு நாள் நாற்பது. இம்முழுநிலவு கண்ணாற் கண்டு குறிப்பதன்று. 19 ஆண்டுகளில் 235 திங்கட்சுற்றுகள் நிறைவுறும் என்னும் கணக்கால் பெறுவது. இந்நாட்காட்டிக் கணக்குக்கு லிலியுசு என்னும் அறிஞர் வகுத்த திருத்தத்தைத் திருத்தந்தை 13ஆம் கிரகோரி 1582இல் நடைமுறைப்படுத்தினார்.

நகரும் இக்காலத்தினுள் நகராத் திருநாள்கள் இரண்டு உள: மார்ச் 19 புனித சூசையப்பர் பெருவிழா, மார்ச் 25 மங்கள வார்த்தைப் பெருவிழா. பின்னது, கிறித்து பிறப்புக்குச் சரியாக ஒன்பது மாதம் முந்தியது. அந்நாள்களில் குருவின் ஊதா உடை நீங்கி வெள்ளுடை விளங்கும். தவக்காலத்தில் நிறுத்தப்படும் ‘உன்னதங்களிலே’ என்னும் வானவர் கீதம் மீண்டும் ஒலிக்கும். அல்லேலூயா மட்டும் உயிர்ப்புக்காகக் காத்திருக்கும். வெள்ளியன்று பெருவிழா வரின் புலால் மறுக்கும் கடமையும் இல்லை. 2022 மார்ச் 25 அத்தகைய வெள்ளி.

புனித வாரத்தில் இவை விழுந்தால் இடம் பெயரும். 2008இல் சூசையப்பர் விழா மார்ச் 15க்கு முன்னேறியது. 2016இல் மார்ச் 25 பெரிய வெள்ளியாகவே வந்தமையால், மங்கள வார்த்தை விழா ஏப்ரல் 4க்குப் பின்சென்றது. இயேசு கருவான நாளும் சிலுவையில் உயிர்நீத்த நாளும் மார்ச் 25 என ஒருங்கே எண்ணிய பழைய மரபை அவ்வாண்டு நினைவூட்டியது.

தமிழ் மண்ணிலும் இத்தகைய அரிய கூடல் நிகழ்ந்தது. மறைசாட்சியான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) ஓரியூரில் 1693 பெப்ருவரி 4 அன்று கொல்லப்பட்டார். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22. எனவே அவர் இறந்த நாள் திருநீற்றுப் புதன். அதனினும் முந்தித் தவக்காலம் தொடங்க இயலாது. பெப்ருவரி 4 திருநீற்றுப் புதனாகும் அக்கூடல் 1818க்குப் பின் மீள்வது 2285இல். அன்று திருநீறே முந்தும். அதே நாளில் வரும் அருளானந்தர் நினைவுநாள் விட்டுக்கொடுக்கும்.

நாள் கூடுவது கணக்கின் செயல். கூடிய நாளில் எது முந்தும் என்பது நம்பிக்கையின் தெளிவு. சாம்பல் பூசித் தொடங்கும் நோன்பின் நடுவே வெள்ளுடை விழாவுக்கு இடம் வைத்த திருச்சபை, துறவுக்கும் மகிழ்வுக்கும் ஊற்று ஒன்றே எனக் கற்பிக்கிறது. அக்கல்வியே தவக்காலத் திருநாள்களின் சிறப்பு.