மாடு வாங்கும்போது ஏன் பல்லைப் பார்க்கிறார்கள்? 2 பல், 4 பல், கடை சேர்ந்த மாடு... கணக்கு இதுதான்!

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கம் இருக்கும் காவாந்தண்டலம் மாதிரி கிராமங்களில் ஒரு கறவை மாடு வாங்குவது பெரிய முடிவு. பல வீடுகளில் கடன் வாங்கித்தான் மாடு வாங்குவார்கள். பால் ஊற்றித்தான் தவணை கட்டணும். விற்பவர் 'இளம் மாடு'ன்னு சொல்வார். உண்மையா? மாட்டுக்கு பர்த் சர்டிபிகேட் கிடையாதே! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பார்க்கிறார்கள்.

மேல் பல் இல்லையே, கிழ மாடா?

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வரும் சந்தேகம் இது. மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல்லே கிடையாது. கன்றாக இருந்தாலும் கிழடாக இருந்தாலும் அங்கே கெட்டியான ஈறு மட்டும்தான். நாக்கால் புல்லைச் சுருட்டி, கீழ்ப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பிடித்து இழுத்து அறுக்கும். கீழே முன்பக்கம் 8 பல், உள்ளே 24 கடைவாய்ப் பல். மொத்தம் 32. நமக்கும் அதே 32தான், அமைப்புதான் வேற.

வயதுக் கணக்கு எப்படி?

கன்றின் பால் பற்கள் சின்னதாக, வெள்ளையாக இருக்கும். அவை நடுவில் இருந்து ஜோடி ஜோடியாக விழுந்து, அகலமான நிலைப் பற்கள் முளைக்கும்.

* 2 பல்: சுமார் 2 முதல் 2½ வயது
* 4 பல்: சுமார் 3 வயது
* 6 பல்: சுமார் 3½ முதல் 4 வயது
* 8 பல்: சுமார் 4½ முதல் 5 வயது. இதுதான் 'கடை சேர்ந்த மாடு'

இனம், தீவனத்தைப் பொறுத்து சில மாதங்கள் முன்பின் ஆகலாம். 8 பல்லும் வந்த பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் கணிக்க முடியும். பல் தேய்ந்து, குட்டையாகி, நடுவே இடைவெளி விழுந்திருந்தால் வயசான மாடு. சரியாக மேய முடியாது, அசை போட முடியாது, உடம்பு இளைக்கும், பாலும் குறையும்.

கொம்பில் இருக்கும் வளையத்தை எண்ணியும் வயது சொல்வார்கள். ஆனால் கொம்பைச் சீவி பெயின்ட் அடித்தால் வளையம் மறைந்துவிடும்.

மாட்டுப் பல் தேயும், எலிப் பல்?

வைக்கோலில் சிலிக்கா அதிகம். அதை நாள் முழுக்க அரைப்பதால் பல் தேய்கிறது. இதைச் சமாளிக்க மாட்டின் கடைவாய்ப் பல் நீளமாக இருக்கும். மேலே தேயத் தேய, ஈறுக்குள் இருக்கும் மிச்சம் மெல்ல மேலே வரும். அந்த இருப்பு தீர்ந்தால் அவ்வளவுதான்.

நெல் வயலில் வரப்பைக் குடையும் எலிக்கு அந்தக் கவலை இல்லை. அதன் முன்பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கம் கெட்டி, பின்பக்கம் மென்மை. பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால் உளி மாதிரி கூர்மை தானாகவே வந்துவிடும். கொறிக்காமல் விட்டால் பல் நீண்டு, சாப்பிடவே முடியாமல் போகும்.

யானைக்கு வேற கணக்கு. தந்தம் என்பது மேல்வரிசை முன்பல்தான், வாழ்நாள் முழுக்க வளரும். கடைவாய்ப் பல் மட்டும் வாழ்நாளில் 6 செட். ஒன்று தேய்ந்ததும் பின்னாலிருந்து அடுத்தது நகர்ந்து வரும். கடைசி செட்டும் தேய்ந்தால் யானையால் மெல்ல முடியாது. முதலைக்கு விழ விழப் புதுப் பல் முளைக்கும். ஆனால் அது மெல்லாது. கடித்துப் பிய்த்து விழுங்கிவிடும்.

பல் மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. 'தலையீத்து மாடு' என்று சொல்லி விற்கும் மாட்டுக்கு 8 பல்லும் தேய்ந்திருந்தால், கட்டாயம் கேள்வி கேட்கணும். மடியில் வீக்கம், கட்டி இருக்கிறதா பாருங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் நீங்களே கூட இருந்து கறந்து பாருங்கள். முடிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். 'தானமா கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே'ன்னு பழமொழி இருக்கு. ஆனால் இது காசு கொடுத்து வாங்கும் மாடு. தாராளமாகப் பிடிச்சுப் பார்க்கலாம்!