குச்சியும் முள்ளும்

நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்தில் சரக்கு லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில், விடிந்ததும் கிளீனர் பையனுக்கு முதல் வேலை டேங்கில் குச்சி விடுவது. மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை நேராக இறக்குவான். வெளியே எடுத்து, நனைந்த மட்டத்தில் கட்டைவிரலை வைத்தபடி டிரைவரிடம் கொண்டுபோய்க் காட்டுவான். டேஷ்போர்டில் டீசல் முள்ளும் இருந்தது. அதை நம்பி யாரும் வண்டி எடுத்ததில்லை.

ஜாம்ஷெட்பூரிலிருந்து 1954 முதல் வரத் தொடங்கிய டாடா பென்ஸ் ஆனாலும் சரி, எண்ணூர் லேலண்ட் ஆனாலும் சரி, இந்த மாவட்டத்து ஈரத்துக்குத் தப்பாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையிலும் நனைகிற ஊர். குளச்சலில் மீன் ஏற்றும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சேசிஸ் முழுக்க வடியும். டேங்கின் தலையில் திருகியிருக்கும், டீசல் முள்ளை ஓட்டும் யூனிட்டின் ஒயர் முனை ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும்.

யூனிட் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. டேங்குக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பிக் கை, கையின் மறுமுனையில் மெல்லிய கம்பிச் சுருளை உரசும் ஒரு தகடு. டீசல் ஏறி இறங்க மின்தடை மாறும், முள் நகரும். தகடு அதிகம் உரசும் இடத்தில் சுருள் தேய்ந்தால் முள் துள்ளும்.

அன்றைய மிதவை பித்தளை. அதில் ஊசித் துளை விழுந்தால் டீசல் உள்ளே புகுந்து மிதவை மூழ்கிவிடும். டேங்க் நிறைந்திருந்தாலும் முள் காலி என்றே காட்டும். மிஸ்திரி அதைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். உள்ளே 'களுக்' என்றால் சந்தேகமே இல்லை. வெந்நீரில் அமுக்கினால் துளை வழியே குமிழி வரும். டீசலை வடித்து, துளையில் ஈயம் வைத்து, மறுபடி மாட்டிவிடுவார். புது யூனிட் வாங்குவது என்பது கடைசி யோசனை.

டீசல் தீர்ந்து வண்டி நின்றால் கேன் வாங்கி ஊற்றுவதோடு முடியாது என்பதால்தான் இத்தனை கவனம். பைப்பில் ஏர் பிடித்துவிடும். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில், நடுராத்திரியில், ஃபில்டர் போல்ட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து அடித்து நுரை நிற்கும்வரை காத்திருந்தவர்கள் அதற்கப்புறம் குச்சி விடாமல் வண்டி எடுத்ததில்லை.

இன்று மிதவை பிளாஸ்டிக். குழாயைச் சுற்றிக் காந்த மிதவை ஏறி இறங்கும் யூனிட்டும் உண்டு. மூடி ஒட்டியது, திறக்க வழியில்லை, போனால் போனதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் பெரிய லாரிகளில் டிரைவர்கள் 'யூரியா' என்று சொல்லும் திரவத்துக்கும் தனி டேங்க், தனி சென்சார். கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. பல வண்டிகளில் முதலாளி வீட்டில் இருந்தபடியே செல்போனில் டீசலைப் பார்க்கிறார். சௌகரியம்தான். பிளாஸ்டிக் மிதவையைக் காதருகே ஆட்டி மட்டும் பிரயோஜனமில்லை.

ஆனால் பழைய லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பார்வதிபுரம் பக்கம் ஒரு பட்டறையில் சமீபத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. யூனிட் புதுசு; முள்ளோ சாவி போட்டதும் ஃபுல்லுக்கு ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டது. டேங்கில் கால்வாசிகூட இல்லை. "யூனிட் டூப்ளிகேட்டா அண்ணாச்சி?" என்று கேட்டேன். வயதான எலக்ட்ரீஷியன் பதில் சொல்லாமல் யூனிட் ஒயரைக் கழற்றிச் சேசிஸில் தொட்டார். முள் சடாரென்று காலிக்கு விழுந்தது. மீட்டரும் ஒயரும் சரி என்று அதற்கு அர்த்தம். ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, சேசிஸ் போல்ட் ஒன்றை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, யூனிட்டின் விளிம்புத் திருகிலிருந்து அங்கே ஒரு கறுப்பு ஒயர் இழுத்தார். முள் மெதுவாக இறங்கிக் கால்வாசிக்குக் கீழே வந்து நின்றது.

"டேங்குக்கு அழகா பெயின்ட் அடிச்சி, பட்டைக்கு அடியில ரப்பரும் விரிச்சிட்டான் மக்கா. பொறவு எர்த்து எங்க கிட்டும்?"

புது யூனிட் போடப் போகிறவர்களுக்கு: வேலைக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கடைக்குப் பழைய யூனிட்டைக் கையோடு கொண்டுபோங்கள். காலிக்கு 10, நிறைவுக்கு 180 ஓம் என்று ஒரு வகை, 240-லிருந்து 33-க்கு இறங்கும் இன்னொரு வகை. மாற்றிப் போட்டால் முள் தலைகீழாக ஓடும். சோதிக்கிறேன் என்று 24 வோல்ட்டை நேரே யூனிட் முனையில் கொடுத்தால் சுருள் கருகிவிடும். இதற்கெல்லாம் முன்னால், பழைய யூனிட்டுக்கே ஒரு எர்த் ஒயர் இழுத்துப் பாருங்கள்; பல வண்டிகளில் கடைக்குப் போகவே வேண்டியிருக்காது.